பீடைத் துப்பாக்கி

2014 ஏப்ரல் 19, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, மொன்டானா மாநிலம் கார்ட்டர் மாவட்டத்தில், எக்கலாக்கா ஊருக்குத் தெற்கே இருபத்திரண்டு மைல் தள்ளியிருக்கும் தன் பண்ணையில், எல்டன் ஹாகன் நூறு கஜத் தூரத்துத் தாளில் ஐந்து குண்டு சுட்டார். ஐந்து துளைகளும் ஒன்றேமுக்கால் அங்குல அகலத்துக்குச் சிதறியிருந்தன.

அதற்கு முந்தைய பதினொரு வருடங்களில் அந்தத் துப்பாக்கி அரை அங்குலத்தைத் தாண்டியதில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் ஆடுகள் ஈனத் தொடங்கும் முன் ஐந்து குண்டு சுடுவதும், தாளில் துளை விழுந்த பகுதியைக் கத்தரித்துத் தேதி போட்டு நோட்டில் ஒட்டுவதும் அவர் வழக்கம். முந்தைய வருடத்துத் தாளில் ஐந்து துளைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, மூவிதழ் க்ளோவர் இலை போல் இருந்தன. இந்த வருடத்துத் தாள் யாரோ குடித்துவிட்டுச் சுட்டது போல் இருந்தது. அவர் அதையும் ஒட்டினார். கீழே எழுதினார்: "ஸ்கோப்பில் கிடைக் கம்பி நடுவில் கொஞ்சம் வளைந்து தெரிகிறது."

ஆட்டைத் தின்பது, புல்லைத் தின்பது, வளை தோண்டிக் குதிரைக் காலை ஒடிப்பது எல்லாவற்றையும் சேர்த்து அந்தப் பக்கத்தில் பீடை என்பார்கள். இது பீடைக்கென்றே செய்த துப்பாக்கி. கடப்பாரை போலக் கனத்த குழல், சுண்டுவிரல் நகம் அளவுக் குண்டு, முன்னூறு கஜத்தில் நிற்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் காட்டும் ஸ்கோப், அதற்குள் குறி வைக்கக் கிடையாக ஒன்றும் நெட்டாக ஒன்றுமாக இரண்டு மெல்லிய கம்பிகள். மான் வேட்டைக்குத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க லாயக்கில்லாதது. மேட்டில் படுத்து, முட்டுக் கொடுத்து, ஒரு கயோட்டி வரும்வரை காத்திருந்து ஒரே ஒரு குண்டு சுடுவதற்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது.

கயோட்டி நரியைவிடப் பெரிது, ஓநாயைவிடச் சிறிது. மே, ஜூன் மாதங்களில் வளையில் குட்டிகள் கத்தும்போது தாயும் தகப்பனும் மாறி மாறி வந்து செம்மறிக் குட்டியின் தொண்டையைக் கவ்வித் தூக்கும். இந்தத் தொல்லையால்தான் சுற்றுவட்டாரத்தில் ஒருவர் பின் ஒருவராக ஆட்டை விற்றுவிட்டு மாட்டுக்குப் போனார்கள். எல்டனின் வடக்குப் பக்கத்தில் ஆடு இல்லை, கிழக்கிலும் இல்லை. அவரிடம் மட்டும் 228 தாய் ஆடுகள் நின்றன. அவர் சுடுவார் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. அவருக்கு அப்போது வயது அறுபத்து மூன்று.

துப்பாக்கி சரியாகச் சுடாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு துப்பாக்கி ஆட்களிடையே ஒரு விதி உண்டு. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று, மாற்றிச் சுட்டுப் பார், பிறகு அடுத்ததுக்குப் போ. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது கோளாறு என்று கடைசிவரை தெரியாது. எல்டன் இந்த விதியைத் தப்பாமல் கடைப்பிடிப்பவர். முதலில் துப்பாக்கிக் கட்டையின் திருகாணிகளை முறுக்கிச் சுட்டார். அடுத்த வாரம் குழலின் உட்புறத்தை, குண்டு விட்டுப்போன செம்புக் கறை போகத் துலக்கிச் சுட்டார். அதற்கடுத்த வாரம் வேறு டப்பா வெடிமருந்தைச் சின்னத் தராசில் நிறுத்து, புதுத் தோட்டா கட்டிச் சுட்டார். நோட்டில் மூன்று தாள்கள் ஏறின. மூன்றும் முதல் தாளைவிட மோசம்.

அவர் மனைவி டார்லா சமையலறை மேசையில் அந்தச் சின்னத் தராசைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"கொத்துக்கறி பிசையணும். உன் மருந்துக்கடைய எப்ப எடுக்கப் போற?"

"அஞ்சு நிமிஷம்."

"அந்தத் துப்பாக்கிக்கு மூணு வாரமா வைத்தியம் பாக்குற. உன் கடவாப்பல்லுக்கு ரெண்டு வருஷமா தேதி கெடைக்கல."

"பல்லு போனா ஆடு சாகாது, டார்லா."

"அது சரி. நீ போனாலும் அதுங்க புல்லு தின்னுக்கிட்டுத்தான் இருக்கும்."

மே 6 காலை முதல் செம்மறிக் குட்டி கயோட்டிக்குப் போயிற்று. மறுநாள் இரண்டு. எட்டாம் தேதி விடியும்போது எல்டன் ஓடைக்கு மேலே இருக்கும் மேட்டில் படுத்து, குட்டிக் கயோட்டி அடிபட்டுக் கத்துவது போன்ற ஊதலை வாயில் வைத்து மூன்று முறை ஊதினார். பெட்டைக் கயோட்டி நூற்றெண்பது கஜத்தில் வந்து நின்று, அவர் இருக்கும் திசையைப் பார்த்தது. அந்தத் தூரத்தில் அவர் பதினொரு வருடமாகத் தவறியதில்லை. சுட்டார். அதன் காலடிக்கு இடப்பக்கம் மண் தெறித்தது. அது ஓடவில்லை, என்ன சத்தம் என்று திரும்பிப் பார்த்தது. மறுபடி சுட்டார். மறுபடி மண். பிறகுதான் ஓடியது, அதுவும் அவசரமில்லாமல்.

எல்டன் அங்கேயே படுத்திருந்தார். ஸ்கோப் வழியாக வெற்று வானத்தைப் பார்த்தார். கிடைக் கம்பி நடுவில், யாரோ கட்டைவிரலால் அழுத்தியது போல், கீழே தொய்ந்திருந்தது. உள்ளே கம்பி தளர்ந்துவிட்டது என்று அவருக்கு அந்த இடத்திலேயே உறுதியாயிற்று. மே 10 அன்று ஸ்கோப்பைக் கழற்றி, பழைய சட்டையில் சுற்றி, பெட்டியில் வைத்து, செய்தவர்களுக்கே தபாலில் அனுப்பினார்.

அது திரும்பி வர நான்கு வாரம் ஆயிற்று. அந்த நான்கு வாரமும் அவர் அப்பாவின் பழைய குட்டைத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கிடையைச் சுற்றி வந்தார். அதில் ஸ்கோப் இல்லை. குழல் முனையின் இரும்பு முளையைப் பார்த்துத்தான் சுட வேண்டும். நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு அந்த முளை யாருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை என்பதால், தெளிவாகத் தெரியாததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சத்தம் போட்டு விரட்டத்தான் அது உதவியது. காவல் நாய் குளிர்காலத்தில் செத்துப்போயிருந்தது, புது நாய்க்குட்டிக்கு வயது போதவில்லை. அரசாங்க வேட்டைக்காரருக்கு மூன்று மாவட்டங்கள். அவர் ஒருநாள் வந்து ஆண் கயோட்டி ஒன்றைச் சுட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டை மிஞ்சியது. செம்மறிக் குட்டிகளுக்கு வால் நறுக்கும்போது எண்ணிய 311-இல் ஜூன் முதல் வாரத்துக்குள் பத்தொன்பது இல்லை.

ஸ்கோப்போடு ஒரு சீட்டு வந்தது. சோதித்தோம், குறை எதுவும் இல்லை. எல்டன் அதைத் துப்பாக்கியில் மாட்டி, அதன் வழியாகச் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்தார். கம்பி வளைந்தேதான் இருந்தது. போதாக்குறைக்கு நடுவில், கிரீஸ் விரல் பட்டது போல ஒரு மங்கல்.

"இவனுங்க பெட்டியத் திறந்துகூடப் பாக்கல. அப்படியே திருப்பி அனுப்பிட்டானுங்க. உள்ள வேற எண்ணெய் கசிஞ்சிருக்கு."

"எங்க, குடு பாக்கலாம்," என்றார் டார்லா. பார்த்தார். "எனக்கு ஒரே கறுப்பா இருக்கு."

"கண்ண இன்னும் பின்னால வை."

"இப்பவும் கறுப்புதான். இதுக்குத்தான் நான் பைனாகுலர் வெச்சிருக்கேன்."

ஜூன் 14 அன்று அவர் துப்பாக்கியை எக்கலாக்காவுக்கு எடுத்துப் போனார். அங்கே ரஸ் கோல்பி முப்பது வருடமாகத் துப்பாக்கி பழுது பார்க்கிறார். வயது எழுபத்து நான்கு. பாட்டில் அடி போன்ற மூக்குக் கண்ணாடி, ஒரு மடங்காத முழங்கால். கடைக்குப் பின்னால் மண் மேடு கட்டிய சுடும் இடம் உண்டு.

"வாடா ஆட்டுக்காரா," என்றார் ரஸ். "அந்தப் பெட்டைக் கயோட்டி உன் மேல கேஸ் போடப் போகுதாம். தூங்க விடாம சத்தம் போடுறன்னு."

"இதப் பாரு. கம்பி வளைஞ்சிருக்கு."

ரஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஸ்கோப்பில் பார்த்தார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"எங்கடா வளைஞ்சிருக்கு? கட்டி இழுத்த கம்பி மாதிரி நேரா இருக்கு."

"உனக்குக் கண்ணு போச்சு, கெழவா."

"எனக்குக் கண்ணு போயி இருபது வருஷமாச்சு. அதனாலதான் கண்ணாடி போட்டிருக்கேன்." ரஸ் ஐந்து தோட்டாக்களைக் கையில் எடுத்துக்கொண்டார். "நீ இங்க இரு. காபி இருக்கு. நான் சுட்டுட்டு வரேன்."

எல்டன் காபி குடித்தார். பின்னால் ஐந்து வெடிச் சத்தம் சீரான இடைவெளியில் கேட்டது. ரஸ் திரும்பி வர அதிக நேரம் பிடித்தது. வந்தவர் கேலி பேசவில்லை. துப்பாக்கியை மேசைமேல் வைத்து, குழல் முனையை விரல் நுனியால் தடவிப் பார்த்தார்.

"கொழல் வாய்ல ஒரு தழும்பு இருக்கு," என்றார். "எங்கயோ இடிச்சிருக்க. குண்டு வெளிய வரப்ப ஒரு பக்கமாத் தள்ளுது. அரை அங்குலம் வெட்டித் திரும்பக் கடையணும்."

"அப்ப கம்பி?"

"மொதல்ல இத சரி பண்ணுவோம். ஒரு தடவைக்கு ஒண்ணு."

"எப்பக் குடுப்ப?"

"மூணு வாரம்."

"என் ஆடு மூணு வாரம் காத்திருக்குமா, ரஸ்?"

ரஸ் துப்பாக்கியை எடுத்துச் சுவரோரம் சாத்தி வைத்தார். எல்டன் போனார்.

ஜூலை 3 அன்று துப்பாக்கி கைக்கு வந்தது. முனை வெள்ளி போல் மின்னியது. நாலாம் தேதி, சுதந்திர தினத்துக்கு ஊர் முழுக்கப் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தபோது அவர் பண்ணையில் ஐந்து குண்டு சுட்டார். இரண்டு குண்டுகள் தாளிலேயே படவில்லை. குறி வைத்த கறுப்புப் புள்ளியைப் பார்த்தால் புள்ளி இல்லை. அதைத் தாண்டி ஓரத்தைப் பார்த்தால் புள்ளி வந்தது. நோட்டில் எழுதினார்: "எண்ணெய்க் கறை பெருகிவிட்டது. புது ஸ்கோப் வாங்க வேண்டும்."

புது ஸ்கோப்புக்குச் சொல்லிவைத்திருந்த வாரத்தில், ஜூலை 12 அன்று, மழைக்குப் பிறகு ஓடையோரம் வேலி சாய்ந்திருந்தது. எல்டனும் டார்லாவும் இரும்புக் கம்பங்களைத் திரும்ப நட்டார்கள். பத்துக் கம்பம் நட்டதும் எல்டன் முதல் கம்பத்துக்குப் பின்னால் குந்தி, வரிசை நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். எந்த வேலிக்காரனும் அப்படித்தான் பார்ப்பான். அவர் வலது கண்ணால் பார்த்தார், துப்பாக்கிக்குப் பழகிய கண் அது.

ஐந்தாவது, ஆறாவது கம்பங்கள் வில்லாக வளைந்திருந்தன. ஏழாவது இல்லவே இல்லை.

"ஏழாவத ஏன் நடல?"

"எதை?" என்றார் டார்லா. அவர் ஏழாவது கம்பத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

எல்டன் அதே கண்ணால் அவர் கையைப் பார்த்தார். மணிக்கட்டுவரை கை இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கறை அந்த இடத்தில் நின்றது. தலையைத் திருப்பினார். கறையும் கூடவே திரும்பியது. வலது கண்ணை மூடி இடது கண்ணைத் திறந்தார். பத்துக் கம்பங்களும் நூல் பிடித்தது போல் நின்றன.

அவர் மறுபடி மாற்றிப் பார்த்தார். மறுபடி மாற்றினார். டார்லா கம்பத்தை விட்டுவிட்டு அவரை நோக்கி நடந்து வந்தார்.

"என்ன பண்ற? எதுக்குக் கண்ண அடிக்கிற?"

"ஸ்கோப்புல ஒண்ணும் இல்ல, டார்லா," என்றார் எல்டன்.

திங்கட்கிழமை மைல்ஸ் சிட்டியில் கண் பார்த்தவர் பத்து நிமிடத்தில் சோதனையை முடித்து, அங்கிருந்தே பில்லிங்ஸில் விழித்திரை பார்க்கும் மருத்துவருக்கு போன் செய்தார். மறுநாள் காலை டார்லா ஓட்ட இருவரும் போனார்கள். அந்த மருத்துவர் நாற்பது வயதுப் பெண். நிதானமாகப் பேசினார். படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். விழித்திரையின் நடுவில், கூர்மையாகப் பார்க்கும் இடத்துக்குக் கீழே, புதிதாக முளைத்த நுண்குழாய்கள் கசிந்திருந்தன.

"நேர் கோடு வளைஞ்சு தெரியறதுதான் இதுக்கு முதல் அடையாளம், மிஸ்டர் ஹாகன். ஆனா ரெண்டு கண்ணும் தெறந்திருக்கறப்ப நல்ல கண்ணு மறைச்சிடும். அதனால முக்கால்வாசிப் பேருக்கு எப்ப ஆரம்பிச்சதுன்னே தெரியாது. உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"ஏப்ரல் பத்தொம்பது. காலைல ஏழு மணி."

மருத்துவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். "அவ்வளவு சரியாவா?"

"நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

"வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

"ஸ்கோப்பக் காட்டினேன்."

மருத்துவர் பேனாவை மேசையில் வைத்தார். டார்லாதான் கேட்டார். "அப்பவே வந்திருந்தா?"

"உறுதியாச் சொல்ல முடியாது. கண்ணுல ஊசி போடுறோம். ஆரம்பத்துலயே வந்தவங்கள்ல நெறையப் பேருக்கு அதுக்கு மேல போகாம நிறுத்த முடிஞ்சிருக்கு. சிலருக்குக் கொஞ்சம் திரும்பியும் வந்திருக்கு."

"இப்ப?"

"இப்ப அந்த எடம் தழும்பாயிடுச்சு. ஊசி போடலாம், சுத்திப் பரவாம இருக்க. நடுப்பார்வை வராது."

திரும்பி வரும் இருநூற்றைம்பது மைலில் எல்டன் ஒரே ஒரு தடவை பேசினார். பன்னிரண்டு வாரம் மூன்று நாள் என்றார். டார்லா சரி என்றார். அவர் எதைக் கணக்கிட்டார் என்று கேட்கவில்லை.

வாரக் கடைசியில் எல்டன் ரஸ்ஸின் கடைக்குப் போனார். விஷயம் ரஸ்ஸுக்கு முன்பே எட்டியிருந்தது. அந்த ஊரில் எட்டாமல் இருக்காது. ரஸ் எழுந்திருக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து, எல்டனின் இடது பக்கமாக, அந்தக் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தார். ஐந்து குண்டும் போன ஒற்றைத் துளை. காலணா அளவுகூட இல்லை. தேதி ஜூன் 14.

"வாய்ல தழும்பு எதுவும் இல்ல," என்றார் ரஸ். "அது நான் சும்மா சொன்னது."

"தெரியுது."

"நான் கை நடுக்கம்னு நெனச்சேன்டா. எங்கண்ணனுக்கு அப்படித்தான் ஆரம்பிச்சது. அதுக்கு எவனாலயும் ஒண்ணும் பண்ண முடியல. அதான், ஒரு சம்மர் ஓடட்டும், நீயாத் தெரிஞ்சுக்குவன்னு..."

"அரை அங்குலத்த வெட்டிட்ட."

"ஒண்ணும் செய்யாமத் திருப்பிக் குடுத்தா உனக்குத் தெரிஞ்சிடும்ல." ரஸ் கண்ணாடியைக் கழற்றினார். "முப்பது வருஷமா இந்த நாற்காலில உக்காந்திருக்கேன். துப்பாக்கியத் தூக்கிட்டு வந்த ஒருத்தன்கிட்டயும், இதுல ஒண்ணுமில்ல, கோளாறு உங்கிட்டன்னு நான் சொன்னதே இல்ல. எவனும் சொல்ல மாட்டான். உங்கிட்ட போயி எப்படிடா சொல்லுவேன்?"

எல்டன் அந்தத் தாளை எடுக்கவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி நின்றார். ஏதாவது திட்டுவார் என்று ரஸ் காத்திருந்தது போல் இருந்தது.

"நீ நல்லாச் சுட்டிருக்க," என்றார் எல்டன். கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

ஆகஸ்டில் அவர் இடது தோளில் வைத்துச் சுட முயன்றார். தோட்டா ஏற்றும் கைப்பிடி எதிர்ப் பக்கத்தில் இருந்தது, கட்டை கன்னத்துக்குப் பொருந்தவில்லை. அதெல்லாம் பழகிவிடும் சங்கதிகள். பழகாதது வேறொன்று. விசையில் விரலை வைத்த கணம் இடது கண் தானாக மூடிக்கொண்டது. பதின்மூன்று வயதிலிருந்து சுடும்போது மூடிய கண் அது. வலது கண்ணுக்கு டார்லா பஞ்சு வைத்துக் கட்டிவிட்டார். இடது கண் அப்போதும் மூடியது. இமையை நெற்றியோடு டேப் போட்டு ஒட்டிப் பார்த்தார்கள். டேப்புக்குள் இமை துடித்தது, கண்ணில் நீர் வழிந்தது.

ஆகஸ்ட் 23 காலை இருவரும் மேட்டில் இருந்தார்கள். எல்டன் படுத்திருந்தார். டார்லா பைனாகுலரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஊதாமலேயே பெட்டைக் கயோட்டி வந்தது. பின்னால் மூன்று குட்டிகள், ஏறக்குறைய வளர்ந்தவை. ஓடையைத் தாண்டி எண்பது கஜத்தில் வரிசையாக நடந்தன.

"நாலும் நிக்குது," என்றார் டார்லா மெதுவாக. "மொதல்ல பெருசு. சுடு."

எல்டன் குறி வைத்தார். டார்லாவுக்கு அவர் மூச்சு கேட்டது. பிறகு அதுவும் நின்றது. துப்பாக்கி வெடிக்கவில்லை.

"எல்டன். போகுது."

"நீ சுடு."

"எனக்கு அதுல கறுப்பா மட்டும்தான் தெரியும்னு உனக்குத் தெரியும்."

"நான் இருட்டுல படுத்திருக்கேன், டார்லா. விரல் வெச்சா இருட்டாயிடுது."

நான்கும் சேஜ் புதருக்குள் போய்விட்டன. எல்டன் முகத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமல் படுத்திருந்தார். டார்லா அவர் முதுகில் கையை வைத்தார். சட்டை நனைந்திருந்தது. வெயில் ஏறும்வரை இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

அன்றைக்கு மதியம் டார்லா மைல்ஸ் சிட்டியில் இருக்கும் கால்நடை விற்பனைக் கூடத்துக்கு போன் செய்தார். எல்டன் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். தேதி கேட்டபோது, எது வேண்டுமானாலும் சரி என்று கையைக் காட்டினார்.

அக்டோபர் 9, வியாழக்கிழமை, 228 தாய் ஆடுகளும் 262 குட்டிகளும் இரண்டு லாரிகளில் மைல்ஸ் சிட்டிக்குப் போயின. ஏற்றி முடிக்க மூன்றரை மணி நேரம் ஆயிற்று. அடுத்த வசந்தத்திலிருந்து மேய்ச்சல் நிலம் வடக்குப் பக்கத்து மாட்டுக்காரருக்குக் குத்தகைக்கு விடப்பட்டது.